சிக்னலில் நின்றால் கார் ஏசி குளிராமல் போவது ஏன்? கேஸ் அடிக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: பத்து வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். வண்டி ஓடும்போது ஏசி நன்றாகவே குளிர்கிறது. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது. போன கோடையில் கேஸ் அடித்தாயிற்று. இந்தக் கோடையிலும் "கேஸ் கம்மியா இருக்கு, அடிச்சிடலாம்" என்கிறார் மெக்கானிக். மறுபடியும் பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம்?

நிறையவே பார்க்கலாம். அதுவும் நீங்கள் சொல்லும் இந்த அறிகுறிக்கு, முதல் சந்தேகம் கேஸ் மேல் வரவே கூடாது. வண்டியின் மூக்கில் இருக்கும் கன்டென்சர் மேலும், அதற்குக் காற்று இழுக்கிற ஃபேன் மேலும்தான் வர வேண்டும்.

முதலில் கேஸ் விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஏசி கேஸ் எரிந்தோ கரைந்தோ தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் ஒரே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு நாம் வருடாவருடம் கேஸ் அடிப்பதில்லை அல்லவா, அடிப்படை அதேதான். காரில் ரப்பர் ஹோஸும் சுழலும் கம்ப்ரசர் சீலும் இருப்பதால், பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது இயல்பு. ஆனால் ஒரே வருடத்தில் குளிர்ச்சி போகும் அளவுக்குக் கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் அடிப்பது உங்கள் பணத்தைக் காற்றில் விடுவதுதான். "வருஷா வருஷம் அடிக்கணும் சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏசி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால்தான் கீழே சொல்லும் சோதனைகள் புரியும். பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், கேஸை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. அந்தச் சூட்டை ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கன்டென்சர் வெளிக்காற்றில் விடுகிறது. சூடு போனதும் கேஸ் திரவமாகிறது. அந்தத் திரவம் எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாகப் பீறிட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. ஆவியாகும்போது காயில் சில்லென்று ஆகிறது. ப்ளோயர் அதன் வழியாகக் காற்றைத் தள்ளி உங்கள் முகத்துக்கு அனுப்புகிறது. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் இவ்வளவு எளிதாகக் குளிர்கிறது.

ஆக, உள்ளே நாம் அனுபவிக்கும் குளிர் முழுவதும், வெளியே கன்டென்சர் எவ்வளவு சூட்டை விடுகிறது என்பதைப் பொறுத்தது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். நின்றதும் காற்று நிற்கிறது. அப்போது ஃபேன்தான் காற்று இழுக்க வேண்டும். அது சுற்றவில்லை என்றால், அல்லது மெதுவாகச் சுற்றினால், கன்டென்சர் சூடேறி, கேஸ் முழுசாகத் திரவமாகாமல், உள்ளே வெறும் காற்று வரும். அழுத்தம் எல்லை மீறினால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடும். மீண்டும் வண்டி நகர்ந்ததும் எல்லாம் சரியானதுபோல இருக்கும். நீங்கள் விவரித்தது அச்சு அசல் இதுதான்.

இப்போது பார்க்கலாம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விட்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அது சேர்வதே தெரியாது. துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் பானெட் பக்கம் வரக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகக் கிளம்பும். சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் சுற்றும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஏசியை முழுக் குளிரில் வைத்து, ப்ளோயரை நடுத்தர வேகத்தில் விடுங்கள். பானெட்டைத் திறந்து பாருங்கள். ஏசி போட்ட சில நொடிகளில், அதிகபட்சம் ஒன்றிரண்டு நிமிடத்தில், முன்னால் உள்ள ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். இரண்டு ஃபேன் உள்ள வண்டி என்றால் இரண்டையும் கவனியுங்கள். ஒன்று மட்டும் சுற்றுவதைப் பார்த்து "ஃபேன் ஓடுது" என்று பானெட்டை மூடிவிடுகிறவர்கள் அதிகம்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. நிறைய சின்ன வண்டிகளில் ஒரே ஃபேன்தான், அதற்கு இரண்டு வேகம். ஏசி போட்டதும் குறைந்த வேகத்தில் ஓட வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அதிக வேகம். குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் (மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சின்னப் பாகம்) எரிந்துபோனால் ஃபேன் சும்மா நிற்கும். எஞ்சின் நன்றாகச் சூடானபிறகுதான் திடீரென்று முழு வேகத்தில் கிளம்பி அதை ஆற்றிவிடும். டெம்பரேச்சர் முள் ஏறாததால் யாருக்கும் சந்தேகமே வராது. ஏசி மட்டும் டிராஃபிக்கில் காலை வாரும். அந்த ரெசிஸ்டர் விலை, ஒரு முறை கேஸ் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஃபேன் சுற்றவே இல்லையா? எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிட்டு, பிளேடைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் மோட்டார் போயிற்று. இலகுவாகச் சுற்றினால் ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் உள்ள படத்தைப் பார்த்து ஃபேன் ஃபியூஸையும் ரிலேயையும் (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சின்னச் சுவிட்ச் பெட்டி) கண்டுபிடியுங்கள். ஹாரன் ரிலே பெரும்பாலும் அதே நம்பர் உள்ளதாக இருக்கும். நம்பர் ஒத்துப்போனால் மட்டும் இரண்டையும் இடம் மாற்றி, பேட்டரி வயரை மறுபடி மாட்டி, எஞ்சினையும் ஏசியையும் போட்டுப் பாருங்கள். இப்போது ஃபேன் ஓடி ஹாரன் அடிக்கவில்லை என்றால் குற்றவாளி ரிலேதான். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். அதுவும் எரிந்தால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனிடம் போங்கள். பெரிய ஃபியூஸ் போடுவதும் கம்பி சுற்றுவதும் வண்டியைத் தீக்குக் கொடுக்கிற வேலை.

அடுத்தது தண்ணீர் சோதனை. எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை கிடையாது, ஏனென்றால் பத்து நிமிடத்தில் இது பாதி விசாரணையை முடித்துவிடும். வண்டி நின்ற இடத்திலேயே ஏசி ஓடட்டும், குளிர் குறைந்து வெறும் காற்று வரும் வரை காத்திருங்கள். நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி வையுங்கள். சமையலுக்கு வாங்கும் டிஜிட்டல் வகையே போதும், காய்ச்சல் பார்ப்பது உதவாது. பிறகு முன் கிரில் வழியாகக் கன்டென்சர் மேல் மெல்லிய பூவாளி மாதிரித் தண்ணீரைத் தெளியுங்கள். ஒயர், பேட்டரி பக்கம் வேண்டாம். ஓரிரு நிமிடத்தில் வென்ட் காற்று சட்டென்று குளிர்ந்தால் கன்டென்சருக்குச் சூடு விட முடியவில்லை என்பது நிரூபணம். ஃபேன், அல்லது அழுக்கடைந்த கன்டென்சர், அல்லது போன கோடையில் அளவுக்கு மீறி அடித்த கேஸ். மூன்றில் ஒன்று. மூன்றுக்குமே இன்னும் கேஸ் சேர்ப்பது மருந்தல்ல.

தண்ணீர் தெளித்தும் மாற்றமில்லை, ஆனால் யாராவது ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து எஞ்சினை 1500 முதல் 2000 ஆர்பிஎம்மில் வைத்தால் குளிர்கிறது என்றால் கதை வேறு. கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் எழவில்லை. கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம், அல்லது கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கும் வாய்ப்பு இங்கேதான். (பழைய டீசல் ஜீப் வகைகளில் ஃபேன் எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும். அவற்றில் ரேஸ் கொடுத்தால் ஃபேன் காற்றும் கூடுவதால் இந்தச் சோதனை குழப்பிவிடும்.)

கன்டென்சரைக் கழுவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூச்சி, புழுதி, சாலையில் பறக்கும் பிளாஸ்டிக் எல்லாம் அதில்தான் ஒட்டுகிறது. வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் பஞ்சு பஞ்சாக அடைந்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் ஆறியபின், முடிந்தால் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி, சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய அலுமினிய மடிப்புகள் படுத்துவிடும், அப்புறம் காற்றே புகாது. கடற்கரையோர ஊர்களில் உப்புக்காற்று இந்த மடிப்புகளை அரித்துவிடும். தொட்டாலே உதிர்கிற நிலை வந்துவிட்டால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இதுவரை உங்கள் அறிகுறிக்கு. இதே கேள்வியோடு வேறு அறிகுறி உள்ளவர்களும் வருவார்கள் என்பதால் மற்றதையும் சொல்கிறேன்.

எந்த ஏசி புகாருக்கும் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒரு குழாயை. பானெட்டைத் திறந்தால், எஞ்சின் அறைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவருக்குள் இரண்டு அலுமினியக் குழாய்கள் நுழைவது தெரியும். ஒன்று மெலிந்தது, ஒன்று தடித்தது. ஏசி பத்து நிமிடம் ஓடியபின் தடித்த குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது சில்லென்று, வேர்த்து நனைந்திருக்க வேண்டும். மெலிந்தது வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்ரசரிலிருந்து கன்டென்சருக்குப் போகும் குழாயை மட்டும் தொடாதீர்கள், கை வெந்துவிடும்.

தடித்த குழாய் நன்றாகக் குளிர்ந்து வேர்த்திருந்தும் உள்ளே குளிர் வரவில்லை என்றால் கேஸும் கம்ப்ரசரும் தங்கள் வேலையைச் செய்கின்றன. குறை டேஷ்போர்டு பக்கம், காற்றுப் பாதையில். தடித்த குழாய் குளிரவே இல்லை என்றால் குறை பானெட் பக்கம். இந்த ஒரு தொடுகையில் பாதிப் பழுதுகள் பட்டியலை விட்டுப் போய்விடும். கேஸ் அடிக்கச் சொல்பவரிடம் "தடித்த பைப் சில்லுன்னுதானே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சின் போக்கே மாறும்.

டேஷ்போர்டு பக்கம் என்றால் முதலில் ஏசி ஃபில்டர். பெரும்பாலான வண்டிகளில் குளோவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் இருக்கும். சில பழைய அடிப்படை மாடல்களில் ஃபில்டரே இல்லாமல் வெறும் இடம் மட்டும் விட்டிருப்பார்கள். அப்படி ஓடிய வண்டியில் தூசி முழுவதும் நேராகக் கூலிங் காயிலில்தான் படிந்திருக்கும். ஃபில்டரை எடுத்துவிட்டு ப்ளோயரைப் போட்டுப் பாருங்கள். காற்றின் வேகம் சட்டென்று கூடினால் விஷயம் முடிந்தது, புதிது வாங்கிப் போடுங்கள். காகித ஃபில்டரை உதறி, தட்டி, தண்ணீரில் அலசி மறுபடி போடுவதால் பயன் குறைவு.

ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடவில்லையா? ப்ளோயர் ரெசிஸ்டர். எந்த வேகத்திலும் ஓடவில்லையா? ஃபியூஸ், கனெக்டர், மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். காற்று நன்றாக வருகிறது, தடித்த குழாயும் குளிர்ந்திருக்கிறது, ஆனால் வென்ட்டில் வெதுவெதுப்பு என்றால், ஹீட்டர் பக்கச் சூடு கலக்கிறது. குளிர்க்காற்றையும் ஹீட்டர் காற்றையும் பிரிக்கும் கதவு முழுசாக மூடவில்லை. வெப்பநிலைத் திருகியைக் குளிரிலிருந்து சூட்டுக்கும் திரும்பக் குளிருக்கும் முழுதாகத் திருப்புங்கள். டேஷ்போர்டுக்குள் "டக் டக்" என்று பல் சறுக்குகிற சத்தம் வந்தால் கதவைத் திருப்பும் சின்ன மோட்டார் போயிருக்கிறது. கேபிளில் இயங்கும் வண்டி என்றால் கேபிள் கழன்றிருக்கும்.

உள்காற்றைச் சுழற்றும் பொத்தானையும் சோதியுங்கள். அதை அழுத்தியதும் ப்ளோயர் சத்தம் கொஞ்சம் கூட வேண்டும். சத்தத்தில் மாற்றமே இல்லை என்றால் அந்தக் கதவு சிக்கியிருக்கலாம், 40 டிகிரி வெளிக்காற்றை இழுத்து இழுத்துக் குளிர்விக்க ஏசி திணறிக்கொண்டிருக்கும். கோடையில் இந்தப் பொத்தானின் பங்கு பெரிது. வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு உள்காற்றில் வைப்பதுதான் சரி. நீண்ட பயணத்தில் அவ்வப்போது வெளிக்காற்றும் விடுங்கள். நாலு பேர் மூச்சு விடும் அடைத்த வண்டியில் கரியமில வாயு கூடி ஓட்டுநருக்குத் தூக்கம் தட்டும்.

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்துபோனால் கூலிங் காயிலில் பனி கட்டியிருக்கிறது. ஏசி பொத்தானை மட்டும் அணைத்துப் பத்து நிமிடம் ப்ளோயரை ஓட விடுங்கள், காற்று திரும்பும், வண்டிக்கடியில் தண்ணீரும் நிறையக் கொட்டும். ஃபில்டர் அடைப்பும், ப்ளோயரை மணிக்கணக்கில் ஒன்றாம் நம்பரிலேயே வைப்பதும் காரணமாகலாம். இரண்டும் இல்லை என்றால் காயிலின் வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

முன் இடது இருக்கைக் காலடியில் மேட் நனைகிறதா? காயிலில் வடியும் நீரை வெளியே விடும் டிரெயின் குழாய் அடைத்திருக்கும். அடியில் குழாயின் வாயைக் கண்டுபிடித்து, வளையும் தன்மையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் மெதுவாக அடைப்பை எடுக்கலாம். கூர்க் கம்பியை நீளமாக உள்ளே விட்டால் காயிலையே குத்திவிடும். ஈர வாடை அடித்தால், இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓட விட்டுக் காயிலைக் காய வைக்கும் பழக்கம் நல்லது. ஆனால் இனிப்பான வாடையும் கண்ணாடியில் பிசுக்கும் வந்தால் ஹீட்டரில் கூலன்ட் கசிகிறது, அது ஏசி பழுதே அல்ல. கூலன்ட் அளவைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இனி பானெட் பக்கம். தடித்த குழாய் குளிரவில்லை என்றால் கம்ப்ரசர் ஓடுகிறதா என்று பாருங்கள். அதன் முன்பக்கப் புல்லி பெல்ட்டோடு எப்போதும் சுற்றும். நடுவில் உள்ள தட்டு (இதுதான் ஏசி கிளட்ச்) ஏசி போட்டதும் "டக்" என்று ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். ஒட்டவே இல்லை என்றால் ஏசி ஃபியூஸையும் கிளட்ச் ரிலேயையும் பாருங்கள். அவை சரி என்றால், கேஸ் முற்றிலும் போயிருக்கலாம். கேஸ் இல்லாமல் கம்ப்ரசர் ஓடி நாசமாகக் கூடாது என்பதற்காகவே பிரஷர் சுவிட்ச் கிளட்சைத் தடுத்து வைக்கும். அந்தச் சுவிட்சின் இரு ஒயரையும் இணைத்துக் கம்ப்ரசரைக் கட்டாயமாக ஓட்டிப் பார்க்கும் தந்திரத்தை யாராவது சொன்னால் செய்யாதீர்கள். கம்ப்ரசர் எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் எண்ணெய் இல்லாமல் ஓட்டுவது, கம்ப்ரசர் இறுகிவிடும். உடைந்த உலோகத் துகள் கன்டென்சர் வரை பரவினால் செலவு பல மடங்கு. எஞ்சின் சூடு எல்லை மீறினாலும் வண்டியின் கம்ப்யூட்டர் ஏசியை வெட்டிவிடும் என்பதால் டெம்பரேச்சர் முள்ளையும் ஒரு பார்வை பாருங்கள். கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் உள்ள புதிய வண்டிகளும் உண்டு, அவற்றில் இந்த "டக்" வராது.

கேஸ் கசிவைக் கண்ணாலேயே ஓரளவு பிடிக்கலாம். கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெயும் சேர்ந்து கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கும். குழாய் இணைப்புகள், கன்டென்சரின் கீழ்மூலை, கம்ப்ரசர் முன்பக்கம், கேஸ் ஏற்றும் வால்வ் இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகமான இடத்தில், எஞ்சினை அணைத்துவிட்டு, சோப்பு நுரையைப் பூசினால் பெரிய கசிவு குமிழி விடும். ஏற்றும் வால்வின் மூடி காணாமல் போயிருந்தால் முதலில் அதை வாங்கிப் போடுங்கள், மூடியும் ஒரு தடுப்புதான். கேஸ் இருக்கிறதா என்று பார்க்க அந்த வால்வின் ஊசியை ஆணியால் அழுத்தாதீர்கள். பீறிடும் திரவம் தோலைப் பனியால் சுட்டுவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கேஸ் எத்தனை நாளில் போகிறது என்பதும் ஒரு துப்பு. ஒரு வாரத்தில் போனால் பெரிய ஓட்டை, எளிதில் அகப்படும். ஒரு கோடை தாங்கி அடுத்த கோடையில் போனால் நுண்ணிய கசிவு, அதற்கு அல்ட்ராவயலட் விளக்கில் ஒளிரும் சாயமோ மின்னணுக் கசிவுக் கருவியோ வேண்டும். பானெட்டுக்குள் எங்கும் இல்லை என்றால் கூலிங் காயிலிலேயே கசியும். அதற்கு டேஷ்போர்டு இறக்குவதற்கு முன்பு, டிரெயின் குழாய் வாயிலும் வென்ட்டிலும் கருவியை வைத்து உறுதி செய்யச் சொல்லுங்கள்.

இடது வென்ட்டில் குளிர், வலதில் வெதுவெதுப்பு என்று பாதிப் பாதியாக வந்தால் கேஸ் குறைவுக்கு அது ஒரு அடையாளம். காயிலின் ஒரு பகுதி மட்டும் குளிர்கிறது. இருபுறமும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் வண்டியில் கலவைக் கதவும் காரணமாகலாம்.

சரி, இரட்டை கேஜ் வாங்கி வீட்டிலேயே அழுத்தம் பார்க்கலாமா? கையில் பழக்கம், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இருந்தால் பார்க்கலாம், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 35 டிகிரி வெயிலில் ஏசி ஓடும்போது தாழ்ந்த அழுத்தப் பக்கம் சுமார் 30 முதல் 45 பிஎஸ்ஐ, உயர்ந்த அழுத்தப் பக்கம் சுமார் 200 முதல் 250 வரை இருப்பது ஆர்-134ஏ வண்டிக்கு வழக்கம். இரண்டும் தாழ்ந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்தால் ஃபேன், கன்டென்சர் அல்லது அதிகக் கேஸ். தாழ்ந்த பக்கம் உயர்ந்து, உயர்ந்த பக்கம் தாழ்ந்தால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று. ஏசி அணைந்திருக்கும்போது கேஜில் தெரியும் அழுத்தம் கேஸின் அளவைச் சொல்லாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே, அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. பாதிக் கேஸ் இருந்தாலும் அதே எண்தான், முழுசாக இருந்தாலும் அதே எண்தான். அதனால் கேஜைப் பார்த்து "டாப்-அப்" செய்வது ஊகம். சரியான அளவு தெரிய வேண்டும் என்றால் இருப்பதை முழுதும் எடுத்துவிட்டு, தராசில் எடை போட்டு ஏற்றுவது ஒன்றே வழி. உங்கள் பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஸ் வகையும் கிராம் கணக்கும் இருக்கும். சின்ன ஹேட்ச்பேக்குகளுக்குப் பொதுவாக அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்த அளவில் ஐம்பது, நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சியில் தெரியும்.

டின்னில் வரும் கேஸை வீட்டில் நீங்களே ஏற்ற வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. தவறான பக்கத்தில், அதாவது உயர் அழுத்தப் பக்கத்தில், இணைத்தால் டின் வெடிக்கலாம். காற்றும் ஈரமும் உள்ளே போனால் எண்ணெய் கெட்டு, உள்ளே அரிப்பு தொடங்கும். ஓட்டையை அடைக்கும் பசை கலந்த டின்கள் எக்ஸ்பேன்ஷன் வால்வையும் பட்டறையின் கேஸ் எடுக்கும் கருவியையும் சேர்த்து அடைத்துவிடும். சுற்றுச்சூழல் கணக்கும் உண்டு. ஆர்-134ஏ ஒரு கிலோ வெளியே போவது, நூறு வருடக் கணக்கில் சுமார் 1430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இந்த வகைக் கேஸ்களைக் குறைக்கும் 2016 கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021-ல் ஏற்றது. புதிய சில வண்டிகளில் வரும் ஆர்-1234ஒய்எஃப் கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது, அதையும் பழையதையும் கலக்கவே கூடாது. மலிவு என்று சமையல் எரிவாயு வகைக் கேஸை ஏற்றுகிறவர்களிடம் போகாதீர்கள், காயிலில் கசிந்தால் அது நேராக நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வரும். மின்சாரக் காரில் கம்ப்ரசரே உயர் வோல்டேஜில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் கை வைக்காமல் சர்வீஸுக்கு விடுங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏசி பேச்சு வந்தால் சொல்லாமல் விடுவதில்லை. நிறுத்திய பெட்ரோல், டீசல் வண்டியில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியை ஓட விட்டுத் தூங்காதீர்கள். புகைபோக்கியில் சின்ன ஓட்டை போதும், உயிர் போய்விடும்.

உங்கள் வண்டிக்கு வருவோம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபேனைப் பாருங்கள், கன்டென்சரைக் கழுவுங்கள், தண்ணீர் சோதனை செய்யுங்கள். பிறகு கதவுகளை மூடி, உள்காற்றில் வைத்து, எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓட விட்டு நடு வென்ட்டின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது சுமார் 6 முதல் 12 வரை வந்தால் ஏசி ஆரோக்கியமாக இருக்கிறது. சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று ஊர்களில் மேல் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும், ஏனென்றால் காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கவே குளிர்ச்சியில் பெரும்பங்கு போகிறது. ஐடிலில் விட்டாலும் அதே எண் இரண்டு மூன்று டிகிரிக்குள் நின்றால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது, கேஸ் பக்கமே போக வேண்டாம்.

தீரவில்லை என்றால் பட்டறைக்குப் போங்கள், ஆனால் "கேஸ் அடிச்சுக் கொடுங்க" என்று வண்டியை ஒப்படைக்காதீர்கள். "லீக் எங்கேன்னு பார்த்துச் சொல்லுங்க, அப்புறம் கேஸ் பேசலாம்" என்று சொல்லுங்கள். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் வசதி உள்ள இடம் நல்லது. கழற்றிய ஒவ்வொரு இணைப்புக்கும் புது ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போட வேண்டும். பெரிய பாகம் எதையாவது மாற்றினால் கூடவே உள்ளே உள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றிவிடுவது நல்லது. கேஸ் ஏற்றும் முன், குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் குறைந்தது அரை மணி நேரம் ஓட வேண்டும், நிறுத்தியபின் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய கேஸை எடுத்தபோது எத்தனை கிராம் வந்தது, புதிதாக எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்ற இரண்டு எண்ணையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் யாராவது கேஸ் கம்மி என்றால், முதலில் இருப்பதை எடுத்து எடை போடச் சொல்லி அந்தப் பில்லோடு ஒப்பிடலாம்.